அடி அண்ணாமலையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

1896-ஆம் வருடம் ஆகஸ்ட் 29. மதுரையில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறான். அண்ணனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போகிறான். கிளம்பும் முன் வீட்டிலிருந்த அட்லஸைப் புரட்டிப் பார்க்கிறான். அது பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயில் பாதை அதில் இல்லை. அதனால் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று கணக்குப் போட்டு, திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறான்!

ரயிலில் கூட வந்த ஒரு மௌல்விதான், தம்பி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று சொல்லித் திருத்துகிறார். ஆனால் கையில் காசு குறைவு. மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து அரகண்டநல்லூருக்கு நடை, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, மறுபடி ரயில். செப்டம்பர் 1 காலையில்தான் திருவண்ணாமலை ஸ்டேஷனில் இறங்கினான். அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. ஆன்மிகம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயணக் கணக்காக மட்டும் பார்த்தாலே இந்தக் கதையில் நிறைய இருக்கிறது. அட்லஸ் காட்டிய தூரம் ஒன்று, கால் நடந்த தூரம் ஒன்று.

இப்போது யாருக்கும் அட்லஸ் தேவையில்லை. இண்டர்நெட்டில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும். தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று ஒரு நொடியில் வந்து விழுகிறது. சென்னை – சிங்கப்பூர்: சுமார் 2,900 கி.மீ., நாலு மணி நேரம். பார்க்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம் போல.

ஆனால் யாருமே விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை. அடி அண்ணாமலையில் இருப்பவர் அடி அண்ணாமலையில்தான் இருக்கிறார். அவருக்கு இந்த 'நாலு மணி நேரம்' என்பது பழைய அட்லஸ் மாதிரிதான். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பிக் கிளம்பினால் திண்டிவனத்தில் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

அடி அண்ணாமலை தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் பெரிய கோயிலில் ஆரம்பித்து, மலையைச் சுற்றி, பாதிக்கு மேல் நடந்து கால் கெஞ்ச ஆரம்பிக்கும் நேரத்தில் வருமே, ஆதி அண்ணாமலையார் கோயில் உள்ள கிராமம், அதுதான். கிரிவலப் பாதை மொத்தம் 14 கி.மீ. பெரிய கோயில் மலைக்கு இந்தப் பக்கம், இந்தக் கிராமம் அந்தப் பக்கம். காக்கை பறந்து போனால் சில கிலோமீட்டர்தான். ஆனால் மனிதர்கள் மலையைச் சுற்றித்தான் வரவேண்டும். தூரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

சரி, முதலில் இந்த விமான தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். பள்ளிக்கூட லேபில் இருக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு நூலின் முனையை வைத்து, இன்னொரு முனையைப் போகவேண்டிய ஊருக்கு இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்தத் தொய்வும் இல்லாமல் விறைப்பாக எந்த வழியாகக் கிடக்கிறதோ அதுதான் இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம். பெருவட்டப் பாதை என்று இதற்குப் பெயர். சுவரில் மாட்டிய தட்டை மேப்பில் அதே பாதையை வரைந்தால் வில் மாதிரி வளைந்து தெரியும். மேப்பில் நேர்க்கோடு போட்டால் அதுதான் சுற்று வழி! உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த வினை.

இந்த நூல் வைத்தியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நூல், துபாய்க்கு ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இரண்டு நூலும் ஏறக்குறைய ஒரே நீளம்! இரண்டுமே 2,900 கி.மீ.க்குச் சற்று மேலே. வித்தியாசம் பத்து கிலோமீட்டர் அளவுதான். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் வேலைக்குப் போகும் இரண்டு ஊர்கள், தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகின்றன.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரம் பறக்கும் விமானம் துபாயில் 12.30-க்கு இறங்கும். அதே 10 மணிக்குக் கிளம்பி அதே நாலு மணி நேரம் பறக்கும் இன்னொரு விமானம் சிங்கப்பூரில் மாலை 4.30-க்கு இறங்கும். முதல் டிக்கெட்டைப் பார்க்கும் அம்மாவுக்கு "ரெண்டரை மணி நேரம்தானா! திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போற நேரம்" என்று தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் ஆறரை மணி நேரம். நம் கடிகாரத்துக்கு துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்து நேரம். பெரும்பாலான இணையக் கணக்குகள் தூரத்தை மணிக்கு 800, 850 கி.மீ. என்ற ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணி நேரம் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. சிங்கப்பூர், துபாய் மாதிரிக் குறைந்த தூரத்துக்கு இது ஓரளவு ஒத்துப்போகும். தூரம் அதிகமாக அதிகமாகத்தான் கணக்கு இடிக்கும். சென்னை – லண்டன் ஹீத்ரோ நூல் தூரம் சுமார் 8,200 கி.மீ. கணக்குப்படி பத்து மணி நேரம் சொச்சம் வரவேண்டும். போகும்போது அதைத் தாண்டும், திரும்பி வரும்போது குறையும். ஒரே வானம், ஒரே தூரம், ஏன் இப்படி? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். அது ஒரு ஆறு மாதிரி. ஆற்றோடு போனால் தள்ளிவிடும், எதிரே போனால் இழுத்துப் பிடிக்கும். கூவத்துக்கு அந்தக் கவலை இல்லை, அது எந்தப் பக்கமும் ஓடுவதில்லை!

காற்றுக்கு அடுத்தது அரசியல். நூல் எந்த நாட்டின் மேல் கிடக்கிறது என்று நூலுக்குக் கவலையில்லை. பைலட்டுக்கு உண்டு. 2019-ல் பாலாகோட் சம்பவத்துக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை மூடி வைத்தது. 2022-ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய விமானங்களுக்கு மறுபடி பாகிஸ்தான் கதவைச் சாத்தியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில நடுவில் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நூலின் நீளம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. தூரம் மட்டும் கூடிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ – பெங்களூர் நேரடி விமானம் முதல்முறை பறந்தபோது காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். தலைமை கேப்டன் ஸோயா அகர்வால். உலகத்தின் இரண்டு எதிர்ப்பக்கங்கள் மாதிரியான ஊர்கள், சுமார் 14,000 கி.மீ. பசிபிக் வழியாகவும் போகாமல், அட்லாண்டிக் வழியாகவும் போகாமல், வட துருவத்தைத் தாண்டி வந்தார்கள். மேப்பில் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நூல் வைத்துப் பார்த்தால் அதுதான் நேர் வழி. 17 மணி நேரம் போலப் பிடித்தது.

இதைவிடப் பெரியது சிங்கப்பூர் – நியூயார்க். 15,300 கி.மீ.க்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே நியூயார்க் பக்கத்தில் உள்ள நெவார்க்குக்கு ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை நேராக விட்டது. நாலு எஞ்சின், எண்ணெய் விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை, 2013-ல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்ததும் 2018-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நிறுத்தியதற்கும் காரணம் காஸ்டிங், ஆரம்பித்ததற்கும் காரணம் காஸ்டிங். பறக்க முடியுமா என்பது எஞ்சினியர் கேட்கும் கேள்வி. பறந்தால் கட்டுமா என்பதுதான் கடைசியில் ஜெயிக்கிறது.

இதில் இன்னொரு விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. விமானத்தின் வேகம் ஏறி ரொம்ப காலமாகிவிட்டது! 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு சின்ன விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். 1948-ல் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. 1960-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 ஜெட் வந்தது. இந்த 28 வருடத்தில் வேகம் எங்கிருந்தோ எங்கேயோ போய்விட்டது. அதற்குப் பிறகு? 707 மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டிப் பறந்தது. இன்றைய புத்தம்புது விமானமும் அதையொட்டித்தான் பறக்கிறது. நடுவில் கான்கார்டு என்று ஒன்று 1976 முதல் 2003 வரை ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்துவிட்டு, மியூசியத்துக்குப் போய்விட்டது. தாத்தா காலத்துப் பயணி நடுவானில் செலவழித்த நேரத்தைத்தான் பேரனும் செலவழிக்கிறான். பேரனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது முன் சீட்டின் முதுகில் ஒரு குட்டி டிவி.

ஆக, வானத்தில் மிச்சம் பிடிக்க இனி நேரம் அதிகம் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய நேரமெல்லாம் தரையில் கிடக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

காஸ்ட் அக்கவுண்டன்சியில் ஒரு பாடம் வரும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கினால் பில்லில் போட்ட விலை மட்டும் விலை இல்லை. கப்பல் கூலி, இன்சூரன்ஸ், சுங்கம், லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் சேர்ந்து நம் குடோன் வாசலில் இறங்கும்போது என்ன ஆகிறதோ அதுதான் அடக்க விலை. லேண்டட் காஸ்ட். பில் விலையை மட்டும் பார்த்து விற்பனை விலை போடுகிறவன் சீக்கிரம் கடையைச் சாத்துவான். ஆனால் பயணம் என்று வந்தால் மட்டும் எல்லாரும் பில் விலையையே பேசுகிறோம். "சிங்கப்பூரா? இதோ நாலு மணி நேரம்."

அடக்க நேரம் எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போமே. அடி அண்ணாமலை வீட்டிலிருந்து பெட்டியோடு ஆட்டோ பிடித்து திருவண்ணாமலை பஸ் நிலையம் வர அரை மணி. பஸ் கிளம்பக் காத்திருப்பது அரை மணி. செஞ்சி, திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு வழியாகக் கிளாம்பாக்கம் வர நாலரை மணி. (நல்ல நாளில் நாலு. ஞாயிறு சாயங்காலம் என்றால் கடவுள் விட்ட வழி.) 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. முன்பெல்லாம் கோயம்பேடு போகும் பஸ்ஸில் வந்து தாம்பரத்தில் குதித்துவிடலாம். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி மாறி மீனம்பாக்கம் வர ஒரு மணி. சர்வதேச விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பிறகு அந்தப் புகழ்பெற்ற நாலு மணி நேரம். சிங்கப்பூரில் இமிக்ரேஷன், பெட்டி, ஒரு மணி. அங்கிருந்து வேலை செய்யும் இடத்தின் தங்குமிடத்துக்கு ஒன்றரை மணி. கூட்டினால் 16 மணி நேரம்.

பறந்தது அதில் நாலில் ஒரு பங்கு. தரையில் 12 மணி நேரம். மொத்த தூரம் சுமார் 3,100 கி.மீ. அதை 16-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 194 கி.மீ. வந்தே பாரத் ரயிலுக்கு அனுமதித்த உச்ச வேகம் 160. ஆக, ஜெட் விமானத்தில் போகும் அடி அண்ணாமலைக்காரர், உண்மையில் வந்தே பாரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிறார். அவ்வளவுதான்!

இன்னொரு கணக்கும் போடலாம். உலகத்தில் உள்ள அத்தனை எஞ்சினியர்களும் கோடி கோடியாகச் செலவழித்து விமானத்தின் வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். இந்தப் பயணத்தில் மிச்சமாவது இருபது நிமிடம் போல. அந்த இருபது நிமிடத்தை மோட்டலில் பஸ்ஸை நிறுத்தி "டீ, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று கண்டக்டர் விசில் அடித்த உடனேயே தீர்த்துவிடலாம்.

இதுவும் சாதாரண நாளின் கணக்கு. அடி அண்ணாமலைக்கு அசாதாரண நாள் மாதம் ஒன்று உண்டு. பௌர்ணமி. லட்சக்கணக்கில் ஜனங்கள் கிரிவலம் வருவார்கள். கிரிவலப் பாதையில் வண்டிகளுக்குத் தடை போடுவார்கள். வீடு இருப்பதே அந்தப் பாதையில் என்றால்? கார்த்திகை தீபத்தின்போது ஊரே பூட்டு. பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். மற்ற ஊர்க்காரர்கள் டிக்கெட் விலை பார்த்துத் தேதி குறிப்பார்கள். அடி அண்ணாமலைக்காரர் முதலில் தினசரி காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் ஏர்லைன்ஸ் பக்கம் போக வேண்டும். பக்தர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வருவதால்தான் அந்த ஊரில் கடை ஓடுகிறது, ஆட்டோ ஓடுகிறது. ஆனால் எந்த இணையக் கணக்கிலும் பௌர்ணமிக்கு ஒரு கட்டம் இல்லை.

வேலைக்குப் போகிறவர் எப்படியோ போய்ச் சேருகிறார். ஒரு நாள் முன்னால் கிளம்பினால் தீர்ந்தது. அவசரமாகத் திரும்பி வரும்போதுதான் இந்தப் பன்னிரண்டு மணி நேரம் எவ்வளவு கனம் என்று தெரிகிறது.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் எந்தக் கிராமத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். விடியற்காலையில் அப்பா போய்விடுகிறார். பிள்ளைக்குப் போன் போகிறது. அங்கே லீவு வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் அதை வாங்க வேண்டும், அன்றைக்கே டிக்கெட் எடுக்க வேண்டும், அன்றைக்கே எடுப்பதால் என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டும். இங்கே வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்துவிடுகிறது. பந்தல் போட்டாகிவிடுகிறது. பறை அடிப்பவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியூர் உறவுகள் வந்து, அழுது, ஓய்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எல்லாரும் ஒரே ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"ஃப்ளைட் ஏறிட்டானாப்பா?"

"ஏறிட்டான் மாமா. ராத்திரி ஒரு மணிக்கு மெட்ராஸ்ல எறங்கிடுவான்."

ஒரு மணிக்கு மேல் யாருக்கும் தூக்கம் வராது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை அரை மணிக்கு ஒரு தடவை கேட்பாள். "வெளிய வந்துட்டானா?" "வந்துட்டான் அத்தை, கார் ஏறிட்டான்." "எங்க வர்றானாம்?" "மேல்மருவத்தூர்." கொஞ்ச நேரம் கழித்து, "திண்டிவனம் தாண்டிட்டானா?" பிறகு, "செஞ்சி வந்துட்டானாடா?" செஞ்சி என்று பதில் வந்ததும் எல்லாரும் எழுந்து முகம் கழுவுவார்கள்.

கவனித்தீர்களா? மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த தூரத்துக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். ஏறிட்டானா? மிச்சம் 190 கிலோமீட்டருக்குத்தான் ஊர் ஊராகக் கேள்வி. அவர்களுக்கு விமான தூரம் என்பது நூல் நீளம் இல்லை. மேல்மருவத்தூர், திண்டிவனம், செஞ்சி. அந்தத் தூரத்தைத்தான் அவர்கள் உண்மையில் கடக்கிறார்கள், அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே.

அந்தக் காரை ஓட்டி வருபவரையும் மறக்கக் கூடாது. பகலெல்லாம் வண்டி ஓட்டியவராக இருப்பார். சாயங்காலம் சென்னைக்கு வந்து, பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்து ஒரு மணி நேரம் கண்ணை மூடி, ஒரு மணிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பி ஓட்டுவார். ரமணாசிரமத்துக்கு வரும் ஜெர்மனிக்காரர்களுக்கும் இதேதான் நடக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 7,600 கி.மீ. வானத்தில் இரண்டு பைலட்டுகள், அவர்கள் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம், கீழே கண்காணிக்கக் கட்டுப்பாட்டு அறை. கடைசி 190 கி.மீ.க்கு? தூக்கக் கண்ணோடு ஒரே ஒரு டிரைவர், ஒரு கிளாஸ் டீ. முழுப் பயணத்திலும் ஆபத்தான பகுதி எது என்று கேட்டால் கடல்மேல் பறந்ததைச் சொல்லாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்குத் திண்டிவனம் – செஞ்சி ரோட்டைச் சொல்லுங்கள்.

"அப்படியானால் திருவண்ணாமலையிலேயே ஒரு ஏர்போர்ட் கட்டிவிட வேண்டியதுதானே?" என்று ஒருவர் கிளம்புவார். எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கட்டலாம். பிறகு? சேலத்தைப் பாருங்கள். விமான நிலையம் இருக்கிறது, ரன்வே இருக்கிறது. ஆனால் 2021-ல் நின்றுபோன சேவை மறுபடி வர 2023 அக்டோபர் ஆனது. கட்டடம் கட்டுவது அரசாங்கத்தின் கையில், விமானம் வருவது கம்பெனிக் கணக்கின் கையில். சின்ன ஊருக்கு வரும் சின்ன விமானமும் சிங்கப்பூருக்கா போகப்போகிறது? சென்னையிலோ பெங்களூரிலோ கொண்டுபோய் விடும். அங்கே மறுபடி மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் நிலம் போகிறதே என்று அன்றிலிருந்து போராடுகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். ரன்வே எங்கே வந்தாலும், அதற்குப் போகும் வழி இன்றைக்கு மாதிரியே இருந்தால் அடி அண்ணாமலைக்கு அது இன்னொரு மீனம்பாக்கம்.

வழி என்ன? வழி ஏற்கனவே பேப்பரில் இருக்கிறது. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய ரயில் பாதை, சுமார் 70 கி.மீ. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்த திட்டம். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று காலேஜில் ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிறது. பாதையைத்தான் இன்னும் காணோம். 1896-ல் வேங்கடராமன் தப்பாக எடுத்த அதே திண்டிவனம் டிக்கெட்டை இன்று ஒருவர் எடுத்துக்கொண்டு போய் இறங்கினாலும், திருவண்ணாமலைக்கு பஸ் எங்கே நிற்கும் என்றுதான் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பாதையில் என்ன விசேஷம் என்றால், சென்னை விமான நிலையத்துக்கு நேர் எதிரே ரோட்டைத் தாண்டினால் திரிசூலம் ரயில் நிலையம். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூர் போகும் அதே தடத்தில்தான் அது இருக்கிறது. திருவண்ணாமலையில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி, ஒரு மின்சார ரயில் மாறி, திரிசூலத்தில் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விடலாம். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் விமான நிலையத்துக்கு ரயில் விடக் கோடிக்கணக்கில் சுரங்கம் தோண்டுகிறார்கள். இங்கே ஸ்டேஷன் தயாராக இருக்கிறது, நடுவில் 70 கி.மீ.தான் விட்டுப்போயிருக்கிறது.

ரயிலே இல்லை என்று சொன்னால் பொய். 2024 மே மாதம் வேலூர் வரை வந்துகொண்டிருந்த சென்னைக் கடற்கரை ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். டிக்கெட் மலிவு, நல்ல விஷயம். ஆனால் அது காட்பாடி, அரக்கோணம் என்று வடக்கே சுற்றி ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்னைக் கடற்கரைக்குப் போகிறது. விமான நிலையம் இருப்பது தெற்கே. கிரிவலம் போன புண்ணியம் வேண்டுமானால் கிடைக்கும், விமானம் கிடைப்பது சந்தேகம்.

பாதை வரும்போது வரட்டும். அதுவரை செய்யக்கூடிய ஒன்று பக்கத்து மாநிலத்தில் கண்ணெதிரே ஓடுகிறது. மைசூருக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்ட திருவண்ணாமலை – சென்னை தூரம்தான். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் அந்த ஊருக்கு 'ஃப்ளைபஸ்' என்று விமான நிலைய வாசலிலிருந்தே பஸ் விடுகிறது. இறங்கியவர் பெட்டியோடு ஏறினால் மைசூரில்தான் இறங்குவார். நடுவில் டாக்ஸிக்காரரிடம் பேரம் கிடையாது, வண்டி மாறுவது கிடையாது. ஓட்டுவதும் டியூட்டி முறையில் வரும் டிரைவர்.

மீனம்பாக்கத்து வாசலிலும் இப்படி ஒரு பஸ் நிற்கவேண்டும். பகலில் வேண்டாம், பகலில் எப்படியாவது வந்துவிடலாம். வளைகுடா விமானங்களும் ஐரோப்பிய விமானங்களும் வந்து இறங்குவது பெரும்பாலும் நடுராத்திரியில். இரவு ஒரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று போர்டு போட்டு நிறுத்தினால் போதும். ஒரே விமானத்தில் வரும் திருவண்ணாமலைக்காரர்கள் ஐந்து பேராக இருந்தாலும், அந்த நேரத்தில் இறங்கும் எல்லா விமானத்தையும் சேர்த்தால் பஸ் காலியாக ஓடாது. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களும் ஏறுவார்கள். பௌர்ணமி அன்று மட்டும் கிரிவலப் பாதைக்கு வெளியே இறக்கிவிடச் சொல்லி, அங்கிருந்து மாமாவோ மச்சானோ டிவிஎஸ் 50-ல் வந்து, குறுக்குச் சந்து தெரிந்தவர் என்ற பெருமையோடு, வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொள்ளட்டும்.